தானாகத் தட்டிய கை

1

அரசாங்கக் கடிதம் எல்லாம் எங்கள் வீட்டில் என் கணவர் பெயருக்குத்தான் வரும். இந்த ஜூலையில் ஒன்று என் பெயருக்கே வந்தது. தபால்காரர் உறையைப் பார்த்துவிட்டு, "அஞ்சலை யாரு?" என்று கேட்டார். எட்டு வருடமாக அவருக்குக் கதவைத் திறக்கிறவள் நான்தான். ஆனால் என் பெயர் அவருக்குத் தெரியாது. நானாகச் சொல்லும் பழக்கமும் எனக்கு இல்லை.

குடியுரிமைக்கான நேர்முகத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

ஊரில் இதைப் படிப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். நாங்கள் இருப்பது மலேசியாவில், ஈப்போவில், ரயில்வே குடியிருப்பில். இந்த நாட்டில் ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாள அட்டை உண்டு. குடிமக்களுக்கு நீல அட்டை, தங்கியிருக்க மட்டும் அனுமதி உள்ளவர்களுக்குச் சிவப்பு அட்டை. இங்கேயே பிறந்த என் கணவருடையது நீலம். ஏழு வயது மகன் ரவிக்கு அட்டை வாங்கும் வயதாகவில்லை, ஆனாலும் அவனும் இங்கே பிறந்தவன், அவனுக்குக் கிடைக்கப்போவதும் நீலம். விருத்தாசலத்தில் பிறந்த என்னுடையது சிவப்பு. மூன்று பேர் உள்ள வீட்டில் இரண்டு நாடு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பதில் இங்கே கலவரம் நடந்து ஊரடங்கு போட்ட பிறகு, சிவப்பு அட்டைக்காரர்கள் வேலை செய்யத் தனி அனுமதி வாங்க வேண்டும் என்று சட்டம் வந்தது. கிடைக்காத குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு கப்பலேறின. எங்கள் வரிசையிலேயே இரண்டு வீடு காலியானது. வீட்டில் இருக்கும் பெண்களை யாரும் போகச் சொல்லவில்லை. ஆனாலும் அந்த இரண்டு வீட்டுக் கதவைத் தாண்டும்போதெல்லாம் நடையை எட்டிப் போடுவேன்.

இதற்கு முன்னால் ஒருமுறை நேர்முகத்துக்குப் போனேன். அதிகாரி மலாயில் பெயர் கேட்டார். வாய் திறக்கவில்லை. ஊர் கேட்டார். அதற்கும் திறக்கவில்லை. கற்றுக்கொண்டு வாருங்கள் என்று அன்பாகவே அனுப்பிவிட்டார். மொழி தெரியாததால் வந்த மௌனம் என்று அவர் நினைத்திருப்பார். தமிழில் கேட்டிருந்தாலும் அன்று நான் பேசியிருக்கமாட்டேன் என்பது எனக்கும் என் கணவருக்கும் மட்டும் தெரியும்.

இது இரண்டாவது தடவை. தேறாவிட்டால் மகனுக்கு முன்னால் வெட்கம். தேறினால் கையை உயர்த்தி, இந்தியா இனி என் நாடு இல்லை என்று வாயால் சொல்ல வேண்டும். அதை நினைத்தால் ஊருக்கு முன்னால் வெட்கம். இரண்டில் எது பெரியது என்று யோசித்துக்கொண்டே இரண்டு நாள் சாம்பாரில் உப்பை மறந்தேன்.

2

விருத்தாசலத்தில் கல்யாணத்துக்கு முன்னால் நான் ஒரு பீங்கான் யூனிட்டில் பொம்மைக்கு முகம் எழுதும் வேலை செய்தேன். எட்டாவது வரை படித்தவளுக்கு அது மரியாதையான வேலை. நாங்கள் ஆறு பெண்கள் ஒரு கொட்டகையில் வரிசையாக உட்கார்ந்து, கிருஷ்ணன், காந்தி, தலையாட்டிச் செட்டியார் என்று எழுதிக்கொண்டிருப்போம். ஆண்கள் அந்தப் பக்கம் ஊறுகாய் ஜாடி வார்ப்பார்கள். நடுவில் சூளை.

சூளை அடுக்குகிற கலியபெருமாள் அண்ணன் அபிப்பிராயம் இல்லாத விஷயம் உலகத்தில் கிடையாது. காலையில் டீக்கடையில் பேப்பரை முழுதும் படித்துவிட்டு வந்து, ஜாடிகளை அடுக்கிக்கொண்டே எல்லாவற்றுக்கும் தீர்ப்பு சொல்லுவார். ஒருநாள் முதலாளி அறை ரேடியோவில் கிரிக்கெட் வர்ணனை ஓடியது. இங்கிலீஷ். யாருக்கும் புரியவில்லை. அவர் நின்று கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அஞ்சு நாளு ஆடுறானுவ. நடுவுல டீ குடிக்கப் போறானுவ, சோறு துன்னப் போறானுவ. கடைசில யாரும் ஜெயிக்கலன்னு கை குடுத்துட்டு வூட்டுக்குப் போயிடுறானுவ. இதப் பாக்கறதுக்கு நம்ம தாலுக்கா ஆபீஸுல போயி ஒக்காந்திருக்கலாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. முகத்தை முந்தானையில் மறைத்துக்கொண்டு சிரித்தேன். அவர் சொன்ன தீர்ப்புகளில் பாதிக்கு மேல் என் மனதுக்குள்ளும் இருந்தவைதான். என்னுடையது வெளியே வராது, அவ்வளவுதான் வித்தியாசம்.

தேர்தல் வந்தால் எங்கள் யூனிட்டில் ஒரு வழக்கம் உண்டு. மிச்சக் களிமண்ணில் இரண்டு குட்டி பொம்மை பிடித்து, ஆளுங்கட்சிக்கு ஒன்று, எதிர்க்கட்சிக்கு ஒன்று என்று சூளையின் மூலையில் வைப்பார்கள். சூளை பிரிக்கிற அன்று எல்லோரும் கூடி நின்று பார்ப்பார்கள். விதிகளை வகுத்தவர் கலியபெருமாள் அண்ணன்.

"ஒண்ணு ஒடஞ்சா அதுக்கு டெபாசிட்டு காலி. ரெண்டும் முழுசா வந்தா கூட்டணி. ரெண்டும் ஒடஞ்சா ஜனாதிபதி ஆட்சி."

அறுபத்தேழு தேர்தலுக்கும் அப்படி வைத்தார்கள். முகம் எழுதும் வேலை என்னிடம் வந்தது. எனக்குக் கை பழகியது கிருஷ்ணன் முகம்தான். அதனால் இரண்டு தலைவர்களுக்கும் அதே பெரிய கண், அதே சின்ன உதடு. வேட்டிக் கரையின் நிறத்தை வைத்துத்தான் எந்தக் கட்சி என்று தெரியும். "ரெண்டு பேரும் ஒரே மூஞ்சியா இருக்காங்களே தங்கச்சி" என்றார் அண்ணன். பிறகு தானே, "அதுவும் சரிதான்" என்றார்.

மண் வேலை தெரிந்தவர்கள் யாரும் பொம்மையைக் கெட்டியாகச் சுடமாட்டார்கள். உள்ளே குடைந்து, அடியில் ஒரு துளை விட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே தங்கிய ஈரம் சூட்டில் வெளியே வர வழியில்லாமல் வெடிக்கும். இது அண்ணனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான், தனக்குப் பிடிக்காத கட்சியின் பொம்மையை மட்டும் குடையாமல் வைத்தார்.

அது வெடித்தது. வெடித்த வேகத்தில் பக்கத்தில் இருந்த ஜாடிகள் ஒரு வரிசையே போனது. அண்ணனுக்குப் பிடித்த கட்சியின் தலையும் போனது. முதலாளி ஓடிவந்து, இது என்னய்யா என்று கேட்டார். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "ஜனாதிபதி ஆட்சிங்க."

முதலாளி சிரிக்கவில்லை. நாங்கள் மட்டும் அன்று முழுவதும் சிரித்தோம். சாயங்காலம் கையைக் கழுவும்போது அண்ணன் என்னிடம் மெதுவாக, "நம்ம ஆளு தலையும் சேந்துல்ல போயிடுச்சி" என்றார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது.

அந்தத் தேர்தலில் நான் ஓட்டுப் போட்டேன். வாழ்க்கையில் போட்ட ஒரே ஓட்டு அதுதான். யாருக்கு என்று அன்றும் சொல்லவில்லை, இப்போதும் சொல்லமாட்டேன். அடுத்த சில மாதத்தில், இருபத்தொன்பது வயதில், என் கல்யாணம் இனி நடக்காது என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தபோது, ஸ்ரீமுஷ்ணத்துப் பக்கம் பூர்வீகமுள்ள ஒரு மலேயா ரயில்வேக்காரர் பெண் பார்க்க வந்தார். என்னைப் போலவே அவரும் அதிகம் பேசவில்லை. நாகப்பட்டினத்தில் கப்பலேறினோம்.

3

மலாய் மொழியை எனக்குக் கற்றுத் தருகிறவன் என் மகன்.

இந்த வருடம் ஜனவரியில் ரவியைப் பள்ளியில் சேர்த்தோம். குடியிருப்புக்குப் பின்னால் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. மணி அடித்தால் எங்கள் அடுப்படிக்குக் கேட்கும். ஆனால் மேலே படிக்க, வேலைக்குப் போக மலாய்தான் வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். மலாய்ப் பள்ளியில் போட்டோம். இப்போது தினமும் தமிழ்ப்பள்ளி மணி அடிக்கும்போது அடுப்படியில் நான் ஏதாவது ஒரு பாத்திரத்தைச் சத்தமாக வைக்கிறேன். ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

அவனும் நானும் ஒரே வகுப்பு என்று சொல்லலாம். அவன் பாடப் புத்தகத்தில் உள்ள பூனை, பந்து, சந்தை எல்லாம் எனக்கும் பாடம். சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு, "சொல்லுமா, நாட்டுக் கோட்பாடு அஞ்சு" என்பான். பள்ளிப் பிள்ளைகள் ஒப்பிக்கும் தேசியக் கொள்கை வரிகள் அவை, நேர்முகத்திலும் கேட்பார்கள். நான் ஒப்பிப்பேன். மூன்றாவதில் தடுக்கும். "அரசமைப்புச் சட்டம்மா. நீ எப்பவும் சட்டத்தையே வுட்டுடறே" என்று தலையில் அடித்துக்கொள்வான். வூடு, வுட்டுடு என்பதெல்லாம் என்னிடமிருந்து அவனுக்கு ஒட்டியது. பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் பிள்ளைகள் கேலி செய்கிறார்களாம். இன்னும் கொஞ்ச நாளில் அதுவும் உதிர்ந்துவிடும்.

விருத்தாசலம் ஜங்ஷனில் இந்தி எழுத்தின் மேல் தார் பூசியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். யூனிட்டுக்குப் போகும் வழி அது. அந்தக் கறுப்பைப் பார்த்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. கலியபெருமாள் அண்ணன்கூட அந்த ஒரு விஷயத்தில் கேலி செய்யவில்லை. இன்று நான் ஓர் அட்டைக்காக இன்னொரு மொழியை, அதுவும் ஏழு வயதுப் பையனிடம், தலையைக் குனிந்துகொண்டு கற்கிறேன். இது வேறு, அது வேறு என்று என் கணவர் சொல்கிறார். வந்த வீட்டில் அந்த வீட்டுப் பேச்சைப் பேசுவதில் என்ன தப்பு என்கிறார். நியாயம்தான். ஆனாலும் வாயில் ஒரு புதுச் சொல் சரியாக வந்துவிட்டால், முதலில் சந்தோஷம் வருகிறது, உடனே அந்தத் தார் நினைவுக்கு வருகிறது.

4

இந்த வருடம் மார்ச் மாதம் கோலாலம்பூரில் உலகக் கோப்பை ஹாக்கி நடந்தது ஊரிலும் தெரிந்திருக்கும். கோப்பையை இந்தியாதானே கொண்டுபோனது. ஆனால் அதற்கு முந்தைய அரையிறுதியில் இந்தியா யாரோடு ஆடியது என்பதை ஊரில் பலர் மறந்திருப்பார்கள். இங்கே யாரும் மறக்கவில்லை. மலேசியாவோடு.

எங்கள் குடியிருப்புப் பொதுக்கூடத்தில் ஒரு டெலிவிஷன் உண்டு. அன்று வரிசை வீட்டுக்காரர்கள் எல்லோரும் அங்கேதான். தமிழர்கள், சீக்கியர்கள், மலாய்க்காரர்கள், இரண்டு சீனக் குடும்பம். தமிழர்கள் எந்தப் பக்கம் என்று ஒருவரும் கேட்கவில்லை, ஒருவரும் சொல்லவுமில்லை. இங்கே பிறந்து வளர்ந்தவர்கள், பிள்ளைகள் இங்கே படிக்கிறவர்கள். மலேசிய அணியிலும் நம் ஆட்கள் இருந்தார்கள். பக்கத்து வீட்டு மேரி அக்கா ஜெபமாலையோடு வந்திருந்தார். எந்த அணிக்கு ஜெபம் என்று மாதாவுக்கு மட்டும் தெரியும்.

நான் மலேசியா ஜெயிக்க வேண்டும் என்றுதான் போனேன். இதை நம்புங்கள். ரவி காலையிலிருந்து அதே பேச்சாக இருந்தான். காகிதத்தில் கொடி வரைந்து குச்சியில் ஒட்டி வைத்திருந்தான். பிள்ளை அழக்கூடாது என்பது தவிர எனக்கு வேறு விருப்பம் இல்லை.

மலேசியா முன்னால் இருந்தது. ஆட்டம் முடியப் போகிறது. கூடத்தில் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். ரவி என் மடியிலிருந்து இறங்கிக் கொடியை மேலே பிடித்திருந்தான். அப்போது இந்தியா ஒரு கோல் போட்டுச் சமன் செய்தது.

கூடம் அப்படியே அடங்கிவிட்டது. அந்த அமைதியில் ஒரே ஒரு கைத்தட்டல் கேட்டது. யார் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் இரண்டு கையும் என் முகத்துக்கு முன்னால் சேர்ந்து நின்றிருந்தன.

நாலு பேர் முன்னால் பெயர் சொல்லத் தெரியாதவள் நான். அந்தக் கூடத்தில் தட்டியிருக்கிறேன். மேரி அக்கா, "நல்லாருக்கே கத" என்று சொல்லி ஜெபமாலையால் என் முழங்கையில் ஒரு தட்டுத் தட்டினார். யாரோ ஒருவர், "சிவப்பு அட்டைன்னா சும்மாவா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கோபச் சிரிப்பு இல்லை. ஆனால் ரவி சிரிக்கவில்லை. என் பக்கத்திலிருந்து விலகிப்போய் முன்வரிசையில் சீனப் பையன்களோடு உட்கார்ந்துகொண்டான். அதன் பிறகு கூடுதல் நேரத்தில் இந்தியா இன்னொரு கோல் போட்டு ஜெயித்தது. நான் இரண்டு கையையும் முந்தானைக்குள் இறுக்கிக் கட்டி வைத்திருந்தேன்.

மறுநாள் காலை வரை அவன் என்னோடு பேசவில்லை. சட்டைப் பொத்தான் போடும்போது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"நம்ம தோத்தோம்மா. நீ தட்டுனே."

நான் அடுத்த பொத்தானைப் போட்டுவிட்டேன். ஊர்க்காரர்கள் யாராவது, நீ செய்தது சரிதான் என்று சொல்லலாம். ஏழு வயதுப் பையனின் முதுகைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் பிறகு சொல்லுங்கள்.

5

ஈப்போவைச் சுற்றி ஈயச் சுரங்கங்கள். தோண்டி முடித்த பள்ளங்களில் தண்ணீர் நின்று குட்டைகளாகக் கிடக்கும். அந்தக் கரையில் வெள்ளைக் களிமண் இருக்கும். எட்டு வருடமாகப் பார்க்கிறேன், ஒருநாளும் தொட்டதில்லை. ஹாக்கி முடிந்த வாரம் என் கணவரிடம், ஒரு பிஸ்கட் டின்னில் அந்த மண் கொஞ்சம் கொண்டுவரச் சொன்னேன். எதற்கு என்று கேட்கவில்லை. கொண்டுவந்தார்.

ரவியை உட்காரவைத்து, விருத்தாசலத்துச் சூளைக் கதையைச் சொன்னேன். ஜனாதிபதி ஆட்சி வரைக்கும் சொன்னேன். அவன் கோபம் எனக்குத் தெரியாமல் மெதுவாக இறங்கியது.

"அப்ப நம்மளும் வெப்போம்மா. மலேசியா ஒண்ணு, இந்தியா ஒண்ணு. தோத்தது ஒடயட்டும்."

இரண்டு ஹாக்கி வீரர்கள் பிடித்தேன். கை மறக்கவில்லை. மட்டைக்கு உள்ளே ஈர்க்குச்சி. குடைய வேண்டிய நேரம் வந்தது. மலேசியாவைக் குடைந்து அடியில் துளை விட்டேன். இந்தியாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். குடையாமல் விட்டால் போதும். வெடிக்கும். மகனுக்கு ஆட்டம் ஜெயித்துவிடும். அந்தக் கூடத்தில் நான் செய்ததற்கு ஈடாகிவிடும். எதிரில் அவன் தாடையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இந்த விஷயம் எதுவும் தெரியாது.

கலியபெருமாள் அண்ணனின் தலையில்லாத பொம்மை ஞாபகம் வந்தது. இந்தியாவையும் குடைந்தேன்.

நிழலில் பல நாள் காயவைத்து, அடுப்போரம் சூடு காட்டி, பின்பக்கம் கொட்டாங்குச்சியும் மரத்தூளும் மூடி நெருப்பு வைத்தேன். மேரி அக்கா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, கோழி வாட்டுகிறாயா என்று கேட்டார். "உலகக் கோப்பை ஆண்ட்டி" என்றான் ரவி.

ஆறிய பிறகு கிளறினோம். இரண்டும் முழுசாக வந்திருந்தன.

"என்னம்மா இது?"

"கூட்டணி" என்றேன்.

"கூட்டணின்னா யாரு ஜெயிச்சா?"

யாரும் ஜெயிக்கவில்லை, ஆனால் எல்லோரும் ஜெயித்ததாகச் சொல்லிக்கொள்வார்கள் என்று அவன் அப்பா விளக்கினார். இந்த நாட்டு அரசாங்கமே அப்படித்தான் நடக்கிறது என்றும் சொன்னார். அவர் அரசியல் பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். ரவிக்கு அது பிடிக்கவில்லை. பள்ளிக்கூட வண்ணப்பெட்டியால் சட்டைக்கு வண்ணம் கொடுத்தோம். முகம் எழுதியதும் நான். "ரெண்டு பேரும் ஒரே மாதிரி இருக்காங்க" என்று குறை சொன்னான். எனக்குத் தெரிந்த முகம் ஒன்றுதான் என்றேன்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் எங்கள் சிமெண்டுத் தரையில் அரையிறுதி நடக்கிறது. பந்துக்கு ஒரு புளியங்கொட்டை. அவன் மலேசியா, நான் இந்தியா. ஆட்டம் எப்படிப் போனாலும் கடைசியில் இந்தியா தோற்க வேண்டும் என்பது விதி. மார்ச்சிலிருந்து நான் தினமும் தோற்றுக்கொண்டிருக்கிறேன். தோற்கத் தோற்க அவன் என் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் ஒட்டி உட்காருகிறான்.

6

நேர்முகக் கடிதம் வந்தது ஜூலையில். அதற்கு முன்னால் ஜூன் மாதக் கடைசியில் இந்தியாவில் அவசர நிலை அறிவித்த செய்தி வந்துவிட்டது. இங்கே தமிழ் ரேடியோவில் கேட்டேன். மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தேன், அப்படியே நிறுத்தினேன். என் கணவர், "நல்ல நேரம் பார்த்துதான் இந்தியாவை விடறே" என்றார். கேலியாகச் சொன்னாரா, ஆறுதலுக்குச் சொன்னாரா, தெரியாது. வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாதபோது பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறவள் மாதிரி இருந்தது எனக்கு.

என் தம்பி அதே யூனிட்டில் இப்போது ஜாடி வார்க்கிறான். கலியபெருமாள் அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்டு எழுதியிருந்தேன். நன்றாக இருக்கிறார், டீக்கடையில் பேப்பர் படிக்கிறார், ஆனால் இப்போதெல்லாம் மழையைப் பற்றி மட்டும்தான் பேசுகிறார் என்று பதில் எழுதினான். தேர்தல் எப்போது என்று தெரியாததால் பொம்மையும் இல்லையாம். வாயுள்ள மனிதர் அவர், அங்கே வாயை மூடிக்கொண்டிருக்கிறார். வாயில்லாத நான் இங்கே ஓர் அதிகாரி முன்னால் பேசக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

அலுவலகத்துக்குக் கணவர் கூட வந்தார். உள்ளே விடவில்லை. ரவி காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தான்: சட்டத்தை விட்டுவிடாதே, ஹாக்கி பற்றிக் கேட்டால் மலேசியா என்று சொல். ஹாக்கி பற்றி யார் கேட்கப் போகிறார்கள் என்று சிரித்துக்கொண்டே போனேன்.

அதிகாரி வயதானவர், கண்ணாடி போட்ட மலாய்க்காரர். பெயர் கேட்டார். சொன்னேன். ஊர் கேட்டார். சொன்னேன். ஐந்து கோட்பாடும் சட்டத்தோடு சேர்த்து ஒப்பித்தேன். என் குரலை நானே அதிசயமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் காகிதத்தில் பிறந்த நாடு என்ற இடத்தைப் பார்த்தார். பேனாவை மூடினார். மார்ச் மாதம் ஹாக்கி பார்த்தீர்களா, எந்தப் பக்கம் இருந்தீர்கள் என்று கேட்டார்.

கேள்வி புரிந்தது. மலேசியா என்ற ஒரு சொல் போதும். அது தெரியாதவளும் இல்லை. ஆனால் அந்த ஒரு சொல்லைச் சொன்னால் அவர் மேலே ஏதாவது கேட்பார், அதற்கு இன்னொன்று கட்டிச் சொல்ல வேண்டும். பொய் சொல்லும் அளவுக்கு எனக்கு அந்த மொழி வரவில்லை. உண்மையைச் சொல்லச் சின்னச் சின்னச் சொற்கள் போதும். அவை ஒன்றாம் வகுப்புப் புத்தகத்திலேயே இருந்தன.

"மனசு மலேசியா, ஐயா. கை இந்தியா" என்று மலாயில் சொன்னேன்.

எந்தக் கை என்று அவருக்குப் புரியவில்லை. எனக்கு வேறு சொல் தெரியாததால் தட்டிக் காட்டினேன். ஒரே தட்டு. டைப் அடித்துக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். இரண்டாவது முறையும் தோற்றுவிட்டேன், ரவியிடம் என்ன சொல்வேன் என்று நினைத்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இனிமேல்? என்று கேட்டார்.

"கையிடம் சொல்லி வைக்கிறேன்" என்றேன்.

அவர் சிரித்தாரா என்று தெரியவில்லை, தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

7

தேறிவிட்டதாகச் செய்தி வந்தது. சில வாரம் கழித்து உறுதிமொழிக்குப் போனேன். வலது கையை உயர்த்தச் சொன்னார்கள். உயர்த்தினேன். கூடத்தில் தட்டியதில் அந்தக் கையும் ஒன்று. வாசகத்தை ஒருவர் சொல்லச் சொல்ல, பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து திருப்பிச் சொன்னோம். விட்டுவிடுகிறேன் என்று வருகிற இடத்தில் என் குரல் மற்றவர்களுடைய குரலுக்குள் ஒளிந்துகொண்டது. பழைய பாஸ்போர்ட்டை மேஜையில் வைக்கச் சொன்னார்கள். அதில் இருந்த படத்தில் நான் தலையில் கனகாம்பரம் வைத்திருந்தேன். அந்தப் பூவோடு சேர்த்து வைத்துவிட்டு வந்தேன். காப்பி ஆறும் நேரம்கூட ஆகவில்லை.

ஊரில் என்னைத் தெரிந்தவர்கள் என்ன நினைப்பார்கள் என்று தெரியாது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதே யோசனைதான். ஒரே ஒரு ஓட்டுப் போட்டேன். அந்தக் கணக்கும் இன்றோடு முடிந்தது. இனி ஊரில் மீண்டும் தேர்தல் வந்து, சூளை மூலையில் பொம்மை வைத்தாலும், அது என் விஷயம் இல்லை. கருத்துச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. முன்னாலும் நான் சொன்னதில்லை. ஆனால் சொல்லாமல் இருந்தது அப்போது என் இஷ்டம்.

ரவி பள்ளிவிட்டு வந்து வாசலிலேயே நின்றான்.

"குடுத்துட்டாங்களா?"

"அட்டை பிறகு வருமாம். ஆனா முடிஞ்சிடுச்சி."

"அப்ப நீயும் நாங்களும் ஒண்ணு?"

"ஒண்ணு."

புத்தகப்பையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அலமாரியிலிருந்து இரண்டு வீரர்களையும் எடுத்துவந்தான். தரையில் வைத்தான். புளியங்கொட்டையை நடுவில் வைத்தான். எப்போதும் போல நான் இந்தியாவின் பக்கம் உட்கார்ந்தேன். அவன் யோசித்தான். என்னையும் பொம்மையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நீ இப்ப மலேசியா. அங்க ஒக்காரக் கூடாது."

"சரி, அப்ப இந்தியாவுக்கு யாரு?"

அதை அவன் நினைத்திருக்கவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்தான். அவரும் நீலம். வேலிக்கு அந்தப் பக்கம் மேரி அக்கா துணி உலர்த்திக்கொண்டிருந்தார். அவரும் நீலம். எங்கள் வீட்டில் இந்தியாவுக்கு ஆள் இல்லை. ஆள் இல்லாவிட்டால் ஆட்டம் இல்லை. ரவி மலேசியாவை எடுத்து என் கையில் வைத்தான். இந்தியாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"இன்னிக்கி மட்டும் நான்" என்றான்.

ஆடினோம். தினமும் தோற்றே பழகிய எனக்கு எப்படி ஆடுவது என்று தெரியவில்லை. அவன் ஆடத் தெரிந்தவன். இந்தியா வீரனின் மட்டையால் புளியங்கொட்டையைத் தள்ளிக்கொண்டு வந்து, என் பொம்மையின் காலைச் சுற்றி, சுவரில் கொண்டுபோய் அடித்தான். கோல்.

சத்தம் கேட்டு அவன் அப்பா வாசலிலிருந்து திரும்பிப் பார்த்தார். என் இரண்டு கையும் என் முகத்துக்கு முன்னால் சேர்ந்து நின்றிருந்தன.

ரவி என்னைப் பார்த்தான்.

"நீ தோத்துட்டேம்மா. தோத்தா தட்டக் கூடாது" என்றான்.